பிள்ளைகளுக்கு ஒரு புறம்போக்கு

(எல்லைப்புற நூலகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விளையாட்டு என்றதும் நமக்குக் கோப்பையும் பதக்கமும் பயிற்சியாளரும் நினைவுக்கு வருவார்கள். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் விசில் ஊதாமல், மண்ணிலும் தண்ணீரிலும் மரத்திலும் பிள்ளைகள் தாங்களாக ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி. அதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம். இடம் வேண்டும். அந்த இடம் நம் கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் விளையாடும் இடம் எதுவும் அரசாங்கக் காகிதத்தில் விளையாட்டு மைதானம் என்று எழுதப்பட்டதில்லை. வாய்க்கால் கரை, களத்துமேடு, கோயில் பின்புறம், ஓடைப் புறம்போக்கு, எஸ்டேட் லயத்து முற்றம், அங்கே தொழிலாளர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் என்று அது பல பெயரில் கிடக்கிறது. காகிதத்தில் அது தரிசு. அல்லது காலி மனை. மைதானத்தில் கை வைத்தால் ஊர் திரண்டு வரும். தரிசில் கை வைத்தால் யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் பிள்ளைகளின் இடம் ஓசையில்லாமல் போகிறது.

சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி இந்தப் பக்கமெல்லாம் கேரளத்தின் மற்ற இடங்களைப் போல மழை கொட்டும் பூமி இல்லை. மலைத்தொடர் விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும். அந்தக் காற்றுக்கு ஈடுகொடுத்து நின்றவை பனைகள். வரப்பில் பனை, மேட்டில் பனை, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் பனை. ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவல் 1969-இல் நூலாக வந்தபோது மலையாளம் முழுவதும் இந்தப் பனங்காட்டைத் திரும்பிப் பார்த்தது. அது பெரியவர்களின் பனை. பிள்ளைகளின் பனை வேறு.

கோடையில் நுங்கு வெட்டும் இடத்தில் போய்ச் சற்று நில்லுங்கள். நுங்கு தோண்டியபின் மிஞ்சிய காயைப் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். இரண்டு காய்கள் சக்கரம். ஒரு முழக் குச்சியால் இரண்டையும் கோத்தால் அச்சு. முனையில் கவட்டை உள்ள நீளக் குச்சியை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். கேட்க எளிது. ஒரு காய் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். அச்சுக் குச்சி பச்சையாக இருந்தால் வளையும், துளை பெரிதானால் சக்கரம் கழன்றுவிடும். ஏழு வயதுப் பையன் ஒருவன் குவியலில் ஒவ்வொரு காயாக எடுத்துப் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்பதைப் போன கோடையில் நான் பார்த்தேன். ஜோடி சேரும்வரை அவன் விடவில்லை. சேர்ந்ததும் அதைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தனக்கென்று முதலிலிருந்து தேட ஆரம்பித்தான். அளவு, பொறுமை, விட்டுக்கொடுத்தல் எல்லாம் அந்தப் பனையடியில் அவனுக்குக் கிடைத்தன. கடையில் வாங்கிய பொம்மைக் காரில் இந்தத் தேடலுக்கு இடமே இல்லை. அது செய்து முடிக்கப்பட்டு வருகிறது.

அந்தப் பனையடிதான் இப்போது மனையாகிறது. நெல்வயலைக் காக்கக் கேரளத்தில் 2008-இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம், அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வயலைத் தொட முடியாதபோது வீடும் கடையும் கிடங்கும் மேட்டு நிலத்தைத் தேடி வரும். மேட்டு நிலம்தான் பிள்ளைகள் ஓடித் திரிந்த நிலம். நெல்லுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. பிள்ளைகள் ஆடும் மேட்டுக்கு அப்படி ஒரு துணையும் இல்லை.

இன்னொன்று வெயில். 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது, வெப்ப அலை எச்சரிக்கையும் வந்தது. அந்த நாட்களில் இரும்புச் சறுக்குமரத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எந்தக் குழந்தையும் உட்கார முடியாது. சிமெண்டுத் தளமும் செயற்கைப் புல்லும் அப்படித்தான் கொதிக்கும். ஆனால் ஒரு புளியமரத்தடி, ஒரு வாய்க்கால் கரைப் புங்கமரத்தடி அதே மதியத்தில் பிள்ளைகளைத் தாங்கும். பாலக்காட்டில் விளையாட்டிடம் என்றால் முதல் தேவை நிழல். ஊஞ்சலும் சறுக்கும் அதற்குப் பிறகு வரட்டும். பூங்கா அமைக்கிறேன் என்று வருகிறவர்கள் முதல் வேலையாக இருக்கிற மரத்தை வெட்டித் தரையைச் சமன்படுத்துவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பாலக்காடு நகரத்துக்குள் வருவோம். கல்பாத்தி அக்கிரகாரத்தைப் பலரும் தேருக்காகப் பார்த்திருப்பீர்கள். எதிரெதிரே ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், நடுவில் நேரான தெரு, பின்னால் ஆறு. அந்தத் தெரு வண்டி போவதற்கு மட்டும் உண்டானதில்லை. திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் கண்பார்வையிலேயே பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள், பம்பரம் விட்டார்கள். யாரும் காவலுக்கு என்று நிற்கவில்லை, ஆனாலும் காவல் இருந்தது. பிள்ளைகளை விளையாட விடும் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று நகரத் திட்டமிடுவோர் எழுதும் பக்கங்களை எல்லாம் அந்தத் திண்ணை ஒன்றே காட்டிவிடும். இப்போது அந்த வீடுகளின் வாசலில் கார்கள் நிற்கின்றன. ஆற்றில் சாக்கடை கலக்கிறது, இறங்க முடியாது. தேரும் தெருவும் பாரம்பரியம் என்று பேசுகிறோம். அந்தத் தெருவில் ஆடிய ஆட்டமும் பாரம்பரியம்தான்.

கோட்டைப் பக்கம் குழந்தைகள் பூங்கா இருக்கிறது, மலம்புழையில் தோட்டம் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமை இடங்கள். அப்பா அம்மாவுக்கு ஓய்வு வேண்டும், பஸ் வேண்டும், நுழைவுச்சீட்டு வேண்டும். ஒரு குழந்தைக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குத் தானே நடந்து போகக்கூடிய இடம். வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் கேரளம் முழுவதும் பெருகிவிட்டன. வேலை முடிந்து வரும் இளைஞர்களுக்கு அவை பயன்படுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆறு வயதுச் சிறுமிக்கு அங்கே இடம் கிடையாது. ‘ஒரு பஞ்சாயத்து ஒரு விளையாட்டுக்களம்’ என்று அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் பந்து விளையாடக் களம் கட்டுவதும், சின்னப் பிள்ளைகளுக்கு மண்மேட்டை மிச்சம் வைப்பதும் ஒரே வேலை அல்ல. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று கணக்கு எழுதிவிடக் கூடாது.

மலைக்கு ஏறுவோம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாக தமிழர்களாகிய நம்மவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள வீடுகள். உள்ளே குழந்தை ஓட இடமில்லை. வெளியே இருந்தது. லயத்துக்கு முன்னால் ஒரு முற்றம், அதன் ஓரத்தில் தண்ணீர்க்குழாய், கீழே ஓடை, மேலே கிராண்டிஸ் மரக் கூட்டம். உரச் சாக்கை விரித்து அதில் உட்கார்ந்து புல் சரிவில் வழுக்கி இறங்காத எஸ்டேட் பிள்ளை உண்டா? சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெரட்டுக் களம் பிள்ளைகளின் வசமாகும்.

மலையில் சமதரை என்பது தங்கம். சமதளமாக ஒரு பத்து சென்ட் இருந்தால் அதற்கு நூறு பேர் வருவார்கள். கார் நிறுத்த, கடை போட, தங்கும் விடுதி கட்ட, கூடாரம் அடிக்க. சுற்றுலா வளர வளரச் சமதரையின் விலை ஏறுகிறது, விலை ஏற ஏறப் பிள்ளைகள் சாலைக்குத் தள்ளப்படுகிறார்கள். மலைச்சாலை வளைவில் பந்து உருட்டும் பிள்ளைகளைப் பார்த்து ஓட்டுநர்கள் திட்டுகிறார்கள். பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்?

எஸ்டேட் பிள்ளைகளைச் சட்டம் மறந்துவிடவில்லை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரச் வேண்டும் என்றது. 6 முதல் 12 வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி வேண்டும் என்றது. வீடு, பொழுதுபோக்கு வசதி எல்லாம் அதில் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய சட்டம். ஆனால் லயத்தைச் சுற்றிப் பிள்ளைகள் புழங்கும் வெளிக்கு என்று தனியாக ஓர் உரிமை அதில் எழுதப்படவில்லை. சுற்றிலும் அவ்வளவு மலை கிடக்கும்போது இடத்துக்குப் பஞ்சம் வரும் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

பஞ்சம் மட்டுமல்ல, பயமும் வந்துவிட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்களில் குழந்தைகள் எத்தனையோ பேர். ஒரு நாய் பல நாள் அந்த ஆற்றோரத்திலேயே அலைந்து, தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தை எங்கே கிடக்கிறது என்று மீட்புக்குழுவினருக்குக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு மழை பெய்யும் மாதங்களில் எந்தத் தாயும் பிள்ளையை ஓடைக்கு அனுப்பமாட்டாள். அந்தப் பயம் நியாயமானது. அவளிடம் போய் இயற்கையோடு விளையாட விடுங்கள் என்று நான் உபதேசம் செய்ய மாட்டேன். எந்தச் சரிவு உறுதியானது, எந்த ஓடை மழைக்குப் பெருகும் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொரு எஸ்டேட் டிவிஷனிலும் இருக்கிறார்கள். அந்த மூத்த தொழிலாளர்களையும் நிலவியல் அறிந்தவர்களையும் சேர்த்து உட்கார வைத்து, பிள்ளைகளுக்குப் பத்திரமான இடம் எது என்று குறித்துக் கொடுக்கவேண்டும் என்றே கேட்கிறேன். வீடு கட்ட இடம் பார்க்கும்போது செய்கிற ஆய்வைப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் செய்யலாம்.

யானைப் பயமும் உண்டு. சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கத்து மக்கள் அரிக்கொம்பன் என்ற யானையை மறந்திருக்கமாட்டார்கள். 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது கம்பத்துக்கு இறங்கியது, ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துத் தெற்கே கொண்டுபோனது. ஒரு யானையை மாற்றினால் பயம் போய்விடாது. நமக்குப் பக்கத்தில் வால்பாறையில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்று 2011 முதல் ஊர்மக்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறார்கள், எஸ்டேட் வழிகளில் சிவப்பு விளக்கு எரியவைக்கிறார்கள். யானை இன்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால், இல்லாத பக்கத்தில் பிள்ளை நிம்மதியாக ஆடலாம். தெரியாதபோதுதான் எல்லாப் பக்கமும் கதவு அடைபடுகிறது.

லயங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கச் சில மாதம் ஆகிறது. புல் சரிவில் சாக்குப் போட்டால் முதல் நாளே சேர்ந்துகொள்கிறார்கள். முன்னால் யார் உட்காருவது, பின்னால் யார் பிடிப்பது என்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நடுவே சுவர் எழாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த அதிகாரியும் செய்துவிட முடியாது.

உலகத்தில் இதையெல்லாம் யோசித்தவர்கள் உண்டு. 1943-இல், ஜெர்மானியர் பிடியில் டென்மார்க் இருந்த காலத்தில், கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப் என்ற இடத்தில் ஒரு மைதானம் திறந்தார்கள். சோரன்சன் என்ற நிலவெளிக் கலைஞருடைய யோசனை அது. தான் வடிவமைத்த அழகான பூங்காக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களிலேயே கிடப்பதை அவர் கவனித்திருந்தார். அதனால் பலகை, செங்கல், மண், தண்ணீர் இவற்றைக் கொடுத்து, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த ஆலன் சீமாட்டி என்பவர் போருக்குப் பிறகு இங்கிலாந்தில், குண்டு விழுந்து தரைமட்டமான மனைகளில் அதேபோல மைதானங்கள் வரப் பாடுபட்டார். நம் ஊரில் இப்படிக் கட்டத் தேவையே இல்லை, இருப்பதை அழிக்காமல் இருந்தால் போதும்.

உடம்புக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பின்லாந்தில் சில பகல்நேரக் காப்பகங்களின் சரளைத் தரையில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாட்களில் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை கூடியது, நோய் எதிர்ப்பைக் காட்டும் இரத்த அளவீடுகளிலும் மாற்றம் தெரிந்தது. 2020-இல் வெளியான ஆய்வு அது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மண்ணில் விளையாடினால் நோய் வரும் என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும் நாம் யோசிக்கவேண்டிய ஆய்வு. தைவானில் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போனது. 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கவேண்டும் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் நின்று இறங்கத் தொடங்கியது. நம் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டுவிட்டு அதன் கையில் கைப்பேசியையும் கொடுத்துவிடுகிறோம்.

விளையாட்டு ஒரு சலுகை இல்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 2024 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு விளையாட்டிடம் வேண்டும் என்று விதி வகுக்கும்படி அரசுக்குச் சொன்னது, பின்பற்றாத பள்ளிகளை மூடும் அளவுக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றது. இவையெல்லாம் பள்ளிக்கூட வேலிக்குள். மணி அடித்து வெளியே வந்தபின் அந்தப் பிள்ளைக்கு ஊர் என்ன கொடுக்கிறது? ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. குளமும் மேய்ச்சல் நிலமும் பிள்ளைகள் விளையாடும் மைதானமும் அந்தத் தீர்ப்பில் வருகின்றன. ஆனால் பிள்ளைகளை அந்தப் பொதுநிலத்தின் பங்காளிகளாக நடைமுறையில் நாம்தான் கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

அவசரமான ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் புதுசேரியில் தொழில் நகரம் ஒன்று வரப்போகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வேலை வரும், அது நமக்கு வேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளோடு வருவார்கள். அந்த 1,710 ஏக்கரில் இப்போதே நிற்கும் மரக் கூட்டம், ஓடும் ஓடை, கிடக்கும் பாறை எது என்று பார்த்து, வீடுகளுக்கு நடைதூரத்தில் அங்கங்கே அப்படியே விட்டுவைக்கச் சொல்லி இப்போது கேட்டால் நடக்கும். எல்லாவற்றையும் சமன்படுத்தியபின் கேட்டால் நாலு பிளாஸ்டிக் ஊஞ்சல் கிடைக்கும்.

ஊரில் இருக்கும் நாம் செய்ய ஒன்று உண்டு. உங்கள் வார்டில் பிள்ளைகள் உண்மையாகவே எங்கே விளையாடுகிறார்கள் என்று பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். குடும்பஸ்ரீயின் பாலசபை என்ற குழந்தைகள் குழு இருக்கிறது, அதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஒவ்வோர் இடத்தின் சர்வே எண்ணையும் கிராம அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எது புறம்போக்கு, எது எஸ்டேட் நிலம், எது தனியார் நிலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். புறம்போக்காக இருந்தால் அதைக் குழந்தைகளின் விளையாட்டு வெளி என்று பஞ்சாயத்தின் சொத்துப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே சிமெண்டு போடவேண்டாம், மரத்தை வெட்டவேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எஸ்டேட் நிலமாக இருந்தால் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் வீட்டுக்கும் கீழே இதற்கும் ஒரு வரி கொடுங்கள். கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடியாகவேண்டும், அது சட்டம். அடுத்த கூட்டத்துக்கு இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிக்கொண்டு போங்கள். மொழிச் சிறுபான்மையினராகிய நமக்கு 1969-இன் ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.